நாற்காலி கேட்காத ராஜா

“இந்த வீட்டுக்கு ராஜா யாரு?”

“நீங்கதாங்க.”

“அப்ப ராஜா சொல்றேன், கேட்டுக்க. உன் தம்பி இனிமே இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது.”

பதினொரு வருடத்துக்கு முந்தைய பேச்சு. மருந்துக்கடை அக்காவுக்கு அது இன்றும் எழுத்துப் பிசகாமல் நினைவிருந்தது. அன்று மகளின் ஞானஸ்நான விருந்து. கையில் கேக் தட்டோடு அவள் நிற்க, எதிரே மீசை துடிக்க நின்றவர் அவள் கணவர், ஊரறிந்த சலூன்காரர். தம்பி செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். முந்தின நாள் சாயங்காலம், அத்தான் கடையில் கூட்டமாக இருக்கிறதே என்று, எதிர்த்த கடையில் முடி வெட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

“வெட்டினதுதான் வெட்டினான், காதுக்கு மேல கோணலா வேற வெட்டிட்டு வந்திருக்கான்! சபையில அத்தனை பேரும் இது என் கைவேலைன்னு நினைச்சிருப்பாங்களே!” என்று சலூன்காரர் பொருமியதில், கேக்கை யாருமே நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

அதோடு சரி. தம்பி மாதம் ஒரு முறை அவள் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு வந்து, இல்லாத இருமலுக்கு மிட்டாய் வாங்குவான். “அத்தான் எப்படி இருக்காரு?” என்பான். “அப்படியேதான் இருக்காரு” என்பாள். அடுத்த ஆள் சீட்டை நீட்டுவதற்குள் பேச்சு முடிந்துவிடும். இதில் பெரிய கொடுமை, போன வருடத்தோடு தம்பியின் தலை முழு வழுக்கை. சண்டைக்குக் காரணமான முடியே கொட்டிப் போய்விட்டது. சண்டை மட்டும் செழிப்பாக வளர்ந்துகொண்டிருந்தது.

‘அவனைக் கூப்பிடுங்க’ என்ற வார்த்தை எத்தனையோ முறை அவள் நாக்கு நுனி வரை வந்து திரும்பியிருக்கிறது. எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுகிறவள்தான். ஆனால் கணவர் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டால், அவளுக்கு வாய் எழும்பாது.

அது சலூன் நாற்காலி. கடைக்குப் புதிதாக வாங்கியபோது, பழையதை அவர் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டார். நாளெல்லாம் கால் கடுக்க நின்று அடுத்தவர் தலையைப் பார்க்கிறவருக்கு, மாலையில் டிவி பார்க்க ஒரு சிம்மாசனம். பக்கத்திலிருந்த மிதியைப் பன்னிரண்டு வயது மகள் மிதிக்க மிதிக்க, அப்பா ‘புஸ், புஸ்’ என்று மேலே போவார். மின்விசிறிக் காற்றில் மீசை பறக்கத் தொடங்கியதும் “போதும்” என்பார். தீர்ப்புகள் எல்லாம் அந்த உயரத்திலிருந்துதான் வரும்.

போன ஞாயிறு போதகர் பிரசங்கத்தின் நடுவே ஒரு கேள்வி கேட்டார். “கிறிஸ்து என் ராஜா, கிறிஸ்து என் ராஜான்னு பாடுறோம். உங்க வீட்டுல அவர் ராஜாவா, இல்ல விருந்தாளியா? விருந்தாளின்னா ரெண்டு வார்த்தை நல்லாப் பேசி வழியனுப்பிடலாம். ராஜான்னா வீட்டுல முதல் இடமே அவருக்குத்தான். அப்புறம் அவர் சொல்றதுதான் சட்டம்.”

பாடகர் குழுவில் நின்ற சலூன்காரர்தான் எல்லோருக்கும் முந்திக்கொண்டு “ஆமென்!” என்று முழங்கினார்.

அந்த ஆமெனை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ராஜாவுக்கு மேலே ஒரு ராஜா இருந்தால்தானே மேல்முறையீடு செய்ய முடியும்!

வீட்டுக்கு வந்ததும் சலூன் நாற்காலியைத் துடைத்து, வெள்ளை விரிப்புப் போட்டு, அதன்மேல் வேதாகமத்தை வைத்தாள். உடை மாற்றிக்கொண்டு வந்தவர், பாதி உட்கார்ந்த நிலையிலேயே நின்றுவிட்டார்.

“என்னம்மா இது?”

“முதல் இடம்.”

“அப்ப நான் எங்க உட்கார்றது?”

“ஸ்டூல் இருக்கே.”

“போதகர் ஐயா சொன்னது மனசுல இடம்மா!”

“மனசுலதான் எப்பவோ குடுத்துட்டீங்களே. இல்லன்னா அவ்வளவு சத்தமா ஆமென் வருமா? வீட்டுலதான் பாக்கி.”

“அப்பா, ஸ்டூலுக்கு மிதி கிடையாதே” என்று மகள் தன் பங்குக்குக் கவலைப்பட்டாள்.

சலூன்காரர் ஸ்டூலுக்கு வந்தார். முதுகு சாயாமல், கை வைக்க இடமில்லாமல், பரீட்சைக்கு வந்த பையன் போல ஒடுங்கி உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமை டிவியில் கோல் போடத் தவறியவனை வாய்க்கு வந்தபடி திட்டத் தொடங்கி, பாதியில் நாற்காலியைப் பார்த்துவிட்டு, “பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ” என்று முடித்தார். புதன்கிழமை சாப்பாட்டில் கை வைத்ததும், “உப்பு...” என்று இழுத்தவர், ஓரக்கண்ணால் கூடத்தை நோட்டமிட்டு, “சரியா இருக்கு” என்றார். அன்று அவள் உப்பே போட மறந்திருந்தாள்.

வியாழன் மாலை அவர் வெற்றிக் களிப்போடு வீட்டுக்குள் நுழைந்தார்.

“ஐயா இன்னிக்கு ஷேவிங்குக்கு வந்தாரு. கத்தி கழுத்துல இருக்கும்போதே கேட்டுட்டேன். ஐயா, நம்ம ராஜா என்னிக்காவது நாற்காலி கேட்டாரான்னு.”

“கத்தியை வெச்சுக்கிட்டா கேட்டீங்க?”

“அப்பத்தானே உண்மை வரும்! கேக்கவே இல்லைன்னுட்டாரு. இந்த ராஜாவுக்குக் கிரீடம் முள்ளுல, சிம்மாசனம் சிலுவைதானாம். எடு அந்த விரிப்பை!”

நான்கே நாளில் மேல்முறையீடு தள்ளுபடி. “அவ்வளவுதான் சொன்னாரா?”

“கத்தியை எடுத்ததும் மனுஷன் நீளமாப் பேச ஆரம்பிச்சுட்டாரு. நம்ம ராஜா இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு, குனிஞ்சு சீஷருங்க காலைக் கழுவினவராம். அவரை ராஜான்னு சொல்றவன் அதையேதான் செய்யணுமாம். நான் நாளெல்லாம் துண்டும் கையுமாத்தானே ஐயா நிக்கறேன்னேன். கடைல செய்யறது சரி, வீட்டுலன்னு கேட்டுட்டாரு.”

“யார் யார் காலைக் கழுவினாராம்?”

“எல்லார் காலையும்தான்.” அவர் குரல் சற்று இறங்கியது. “யூதாஸ் காலையும் சேத்து.”

“காட்டிக் குடுக்கப் போறான்னு தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.” விரிப்பின் நுனியைப் பிடித்தபடி அவர் நாற்காலி முன் குனிந்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். “ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. யூதாஸ் எதிர்த்த கடையில போய் முடி வெட்டிக்கல!”

மகள் குபீரென்று சிரித்தாள். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் முறைக்கத்தான் பார்த்தார், மீசை ஒத்துழைக்கவில்லை. தான் சொன்னது தனக்கே கேட்டதும், அவருக்கும் வயிறு குலுங்கச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியபோது அவர் கை விரிப்பை விட்டிருந்தது. போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் சமையலறையிலிருந்து இன்னொரு ஸ்டூலை இழுத்து வந்து, முழங்காலோடு முழங்கால் இடிக்க அவர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க,” என்றாள். “பதினொரு வருஷமா கேக்கணும்னு இருக்கேன். நாளைக்கு நீங்களே நேர்ல போய், என் தம்பியை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க.”