மருதம்மாளின் மௌன விரதம்

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு மருதம்மாள் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தபோது அவள் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. "மௌன விரதம். சாயங்காலம் ஆறு மணி வரை" என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. செக்கிங் பகுதியில் நின்றிருந்த பதினாறு பெண்களும் அதைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் லீவு என்று கேள்விப்பட்ட பிள்ளைகளின் முகம் வந்துவிட்டது எல்லோருக்கும்.

மருதம்மாள் அந்தப் பகுதிக்குச் சூப்பர்வைசர். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்ப்பது அந்தப் பெண்களின் வேலை. அவர்களிடம் குறை இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பதினோரு வருடங்களாக அதை அவள் வாயாலேயே செய்துவந்தாள். கெட்ட மனுஷி இல்லை. தான் கத்தாவிட்டால் சரக்கு நேரத்துக்குக் கப்பலேறாது என்று மனதார நம்பினாள், அவ்வளவுதான். ஆனால் கொஞ்ச நாளாக, வீட்டில் சோற்றுக்கு உட்காரும்போதும் அந்தச் சத்தம் அவள் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

அந்த 2006ஆம் வருடம், மங்கலம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் மனத்தூய்மை வகுப்பு நடந்தது. "உடம்பு அழுக்குக்கு எண்ணெய்க் குளியல். வயிற்று அழுக்குக்குப் பட்டினி. மனசு அழுக்குக்கு மௌனம்" என்றார் அங்கே பாடம் எடுத்தவர். முதல் இரண்டும் அவளுக்குப் பழக்கம்தான். மூன்றாவதை முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். ஆறு செவ்வாய்க்கிழமைகள்.

முதல் செவ்வாய் பெரும் வேடிக்கையாகப் போயிற்று. பனியனில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் கட்டு மேசையில் கிடந்தது. பேச முடியாத மருதம்மாள் அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தாமதமாக வந்த நதியாவின் நெற்றியில் ஒன்று. பேசிக்கொண்டிருந்தவர்களின் தோளில் ஆளுக்கொன்று.

"பொட்டு வச்சு விட்டுட்டாக. மத்தியானத்துக்குள்ள பூவும் வாங்கித் தந்துருவாக" என்றாள் நதியா. பகுதி முழுக்கச் சிரித்தது.

மருதம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லாத ஒவ்வொரு திட்டும் உள்ளே புளித்த மாவைப்போலப் பொங்கியது. மௌனத்தால் மனசு தூய்மையாகும் என்று சொன்னவருக்கும் மனதுக்குள்ளேயே நாலு திட்டு விழுந்தது.

இரண்டாவது வாரம் ஸ்டிக்கர் ஒட்டவும் அலுத்துவிட்டது. வாய்க்கு வேலை இல்லாததால் காது விழித்துக்கொண்டது. அதைப் பெண்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். மற்ற நாட்களில் அவளிடம் எதையாவது சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே, "கதையெல்லாம் ஊட்டுல வெச்சுட்டு வா" என்று வெட்டிவிடுவாள். செவ்வாய்க்கிழமை அவளால் வெட்ட முடியாது. ஆகவே சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அவள் மேசை முன்னால் ஒரு சின்ன வரிசை நிற்க ஆரம்பித்தது. ஒருத்தி மின்விசிறி சுற்றவில்லை என்றாள். இன்னொருத்தி, திட்டு விழுமோ என்று பாத்ரூமுக்குப் போகவே பயமாக இருக்கிறது என்றாள். மருதம்மாள் தலையாட்டினாள். அவளுக்குத் தலையாட்டத் தெரியும் என்பதே பலருக்கும் புதுச் செய்தி.

ஐந்தாவது செவ்வாய் நாகஜோதி வந்து நின்றாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அதிகம் பேசாதவள்.

"அக்கா, எனக்கு நாலு மாசம். போன வருசம் இப்படித்தேன் நாள் பூரா நின்னு நின்னு, மூணாம் மாசமே கலைஞ்சுபோச்சு. இந்த வாட்டி, உக்காந்து பாக்குற வேலைன்னா பாரு, இல்லாட்டி விட்டுருன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. வேலைய விட்டா ஊருக்குத்தேன் போகணும். அங்கிட்டு எங்களுக்கு ஒண்ணுமில்லக்கா. ரெண்டு தடவ சொல்ல வந்தேன். நீங்க கேக்கல."

போன வருடம் நாகஜோதி பத்து நாள் லீவு எடுத்தது மருதம்மாளுக்கு நினைவு வந்தது. திரும்பி வந்த அன்று, "நல்லாத் தின்னுட்டுத் தூங்கிட்டு வந்தயாக்கும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னதும் நினைவு வந்தது. அன்று அந்தப் பெண் ஏதோ சொல்ல வாய் திறந்து மூடிக்கொண்டாள். எதைச் சொல்ல வந்தாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. மருதம்மாள் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ச் செக்கிங் மேசை முன்னால் போட்டு, நாகஜோதியைத் தோளில் கை வைத்து உட்காரவைத்தாள்.

நாலரை மணிக்கு மேனேஜர் கந்தவேல் வந்தார். ஸ்டூலைப் பார்த்ததும் நின்றார்.

"ஏனம்மா, எல்லாரும் நின்னுட்டிருக்க, நீ மட்டும் உக்காந்திருக்கற? நாளைக்கு ஊட்டுல இருந்து கட்டிலும் கொண்டாருவயா? இப்படியெல்லாம் இங்க வேலை பாக்க முடியாது. எந்திரிச்சுக் கெளம்பு."

நாகஜோதி எழுந்துவிட்டாள். மருதம்மாள் அவசரமாகக் குறுக்கே வந்து ஸ்டூலைக் காட்டினாள், தன்னைக் காட்டினாள், பிறகு வயிற்றைக் காட்டினாள்.

"உங்களுக்கு வவுத்து வலிங்களாக்கா? ஊட்டுக்குப் போயி ஓமத்தண்ணி குடிங்க" என்றார் கந்தவேல்.

இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. பேசினால் ஐந்து வார விரதமும் போய்விடும். நாகஜோதி கைப்பையை எடுக்கக் குனிந்தாள். அந்தக் குனிந்த முதுகைப் பார்த்த பிறகு மருதம்மாளுக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

"உக்காரு கண்ணு" என்றாள். பிறகு கந்தவேல் பக்கம் திரும்பினாள். "நாந்தானுங்க ஸ்டூல் போட்டது. புள்ள மாசமா இருக்குதுங்க. ஓட்டையப் பாக்கறது கண்ணுங்க, காலில்லீங்க. அவள அனுப்பறதுன்னா என்னையும் சேத்து அனுப்பிருங்க."

மருதம்மாள் மெதுவாகப் பேசிக் கந்தவேல் கேட்டதே இல்லை. அதுதான் அவரைக் கலக்கியது. "அட, என்னங்கக்கா நீங்க. இதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? உக்காரட்டும், உக்காரட்டும்" என்று நகர்ந்துவிட்டார்.

நதியாவுக்கு மனசு கேட்கவில்லை. "இன்னங்கொஞ்ச நேரம் பல்லக் கடிச்சிருந்தா இந்த வாரமும் முடிஞ்சிருக்கும்லக்கா. சாமி குத்தம் ஆயிராதா?"

"ஆகாது கண்ணு" என்றாள் மருதம்மாள். "வாயக் கட்டுனா மனசு சுத்தமாயிரும்னு நெனச்சேன். வாயக் கட்டுனதுல ஒண்ணும் ஆகல. நீங்க சொன்னதக் காது குடுத்துக் கேட்டேன் பாரு, அதுலதான் கொஞ்சம் ஆச்சு. அடுத்தவங்க கஷ்டத்தக் கேக்காத மனச எத்தன விரதம் இருந்தும் கழுவ முடியாது. கேட்டுப்போட்டு, பேச வேண்டிய எடத்துல சும்மா நின்னா அது விரதமே இல்ல."

"அப்ப அடுத்த செவ்வா?"

"அடுத்த செவ்வாயும் இருப்பேன். ஆனா அதுக்குன்னு காத்திருக்காதீங்க. இனிமே புதன்கெழமையும் வந்து சொல்லுங்க. கேக்கறேன்."