வழியனுப்பப்பட்டவர்

பக்கத்து இருக்கையில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டுத்தான் தோகுஜிக்கு விழிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தார். மகள் சதோமி அழுதுகொண்டிருந்தாள். மேடையில் ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். காகிதக் கதவுக்குப் பின்னால் அவருடைய பிள்ளைகள் மூவரும் அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்று தாழ்ந்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முற்றியபோது கிழவர் எழுந்துபோய் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்து, மறுபடி அவரைக்காயை எடுத்தார். தன் காதில் எதுவும் விழவில்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. அரங்கம் முழுக்க கைக்குட்டைகள் வெளியே வந்தன. தோகுஜிக்கு அழுகை வரவில்லை. கிழவர் உரித்த தோலை எங்கே போடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டோக்கியோவிலிருந்து புறப்பட்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த நாடகம் அது. இந்த அகிதா கடற்கரை ஊருக்கு அப்படி நாடகங்களை வரவழைப்பதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது. தனி ஆளாக அதில் சேர முடியாது. குறைந்தது மூன்று பேர் கொண்ட குழுவாகத்தான் சேர வேண்டும். தோகுஜியின் மனைவி ஃபுசாகோ, தையல்கடை நரிதா, மருந்துக்கடைக்காரி என்று மூவர் ஒரு குழுவாக இருந்தார்கள். ஃபுசாகோ இறந்த பிறகு நரிதா வீட்டுக்கே வந்துவிட்டாள். "மூணாவது ஆள் இல்லேன்னா எங்க குழுவையே கலைச்சிடுவாங்க அண்ணே. தூங்கினாலும் பரவால்ல, வந்து உக்காருங்க." மர அறுவை ஆலையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர் தோகுஜி. சொன்னதைச் சொன்னபடி செய்து பழக்கம். எல்லா நாடகத்துக்கும் வந்தார், எல்லாவற்றிலும் தூங்கினார்.

அன்று நரிதாவுக்கு முட்டி வீங்கிவிட்டது. அம்மாவின் நினைவு நாளுக்காக, டோக்கியோவை ஒட்டிய சைதாமாவிலிருந்து வந்திருந்த சதோமிக்குத் தன் சீட்டைக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

நாடகம் முடிந்து, வாடகைக்கு எடுத்த காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் சதோமி வண்டியைக் கிளப்பவில்லை.

"அப்பா, எங்ககூட வந்துடுங்க."

"ம்?"

"பேச்சுக்குச் சொல்லலப்பா. உங்க பேரன் ரியோ ஒசாகால படிக்கிறான், அவன் ரூம் சும்மாதான் கிடக்கு. புது வருஷத்துக்குள்ள வந்துடுங்க."

"மாப்பிள்ளை என்ன சொல்வாரு?"

"அவர் என்ன சொல்லப் போறாரு. நான்தான் சொல்றேன்ல."

அந்தக் கிழவரிடம் மேடையில் யாரும் இப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் இவள் சொல்கிறாள் என்பது தோகுஜிக்கு அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்தும், வீடு போய்ச் சேரும்வரை மகளின் கைகள் ஸ்டியரிங்கைத் திருப்புவதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஃபுசாகோவின் கைகள்தான் அவளுக்கு. மறுநாள் ரயில் நிலையத்தில், "சரி, வரேன்" என்றார். சதோமி அவர் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

அதன் பிறகு தோகுஜி ஊரில் எல்லோரிடமும் பேசினார். மீன் கடையில் சொன்னார். முடிவெட்டும் கடையில் கேட்காமலே சொன்னார். பனி தள்ளும் மண்வெட்டியை மருந்துக்கடைக்கும், சைக்கிளைத் தபால்காரருக்கும் கொடுத்தார். அங்கே பனி பெய்யாதாம் என்று சொல்லும்போது அவர் குரலில் தற்பெருமை எட்டிப் பார்த்தது. நாடகச் சங்கத்தார், குழுவில் அவர் இடத்துக்கு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு, ஓர் உணவகத்தில் விருந்து வைத்தார்கள். கோழிச் சாற்றில், குச்சியில் பிடித்துச் சுட்ட சோற்றுக் கட்டிகள் கொதிக்க, நரிதா அரிசி மதுவை ஊற்றியபடி வம்புக்கு இழுத்தாள்.

"பாருங்க, ரயில் ஏறினதுமே நம்ம ஊர்ப் பேச்சு போயி தலைநகரப் பேச்சு வந்துடும் இவருக்கு."

"நான் எந்தப் பேச்சு பேசினேன் இத்தனை நாளா? தூங்கிட்டுல்ல இருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தான் சொன்னதற்கு ஒரு கூட்டமே சிரிப்பது அவருக்குப் புதிது. அவர்கள் வாங்கிக் கொடுத்த கம்பளிக் கழுத்துத்துண்டைச் சுற்றிக்கொண்டு, வேண்டுமென்றே சுற்றுவழியில் வீட்டுக்கு நடந்தார்.

டிசம்பர் நடுவில் ஒரு மதியம் சதோமி கூப்பிட்டாள். சாப்பிட்டீங்களா என்றாள். கணவருக்குச் சளி என்றாள். ரியோ விடுமுறைக்கு வந்தாலும் வருவான், அவன் சாமான் எல்லாம் அந்த அறையில்தான் அடைந்து கிடக்கிறது என்றாள். இந்தக் குளிரில் அவ்வளவு தூரப் பயணம் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ என்று நிறுத்தினாள். மரத்துக்குள் கணு வரப்போவது ரம்பத்தின் சத்தத்திலேயே தெரிந்துவிடும். தோகுஜி தொலைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"சதோமி, நானே கூப்பிடணும்னு இருந்தேன். கோவிச்சுக்காத. என்னால வர முடியாது போலிருக்கு."

"ஏன்பா?"

"இந்த நாடகக் குழுதான். நான் போயிட்டா அவங்க ரெண்டே பேர். கலைச்சிடுவாங்களாம். நரிதாம்மா விடவே மாட்டேங்குது."

மறுமுனையில் ஒரு மூச்சு கேட்டது. மூட்டையை இறக்கி வைத்தவள் விடும் மூச்சு. உடனே குரல் ஏறியது.

"என்னப்பா இது, கடைசி நேரத்துல! நான் இங்க எல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன்."

"தப்புதாம்மா."

"உங்களுக்கு எப்பவும் உங்க சௌகரியம்தான்."

"ஆமாம்மா."

"சரி, உடம்பைப் பாத்துக்கோங்க. வசந்தத்துல நான் வரேன்." கடைசிச் சொற்களில் அவள் குரல் நெடுநாளைக்குப் பிறகு இதமாக இருந்தது.

மறுநாளே நரிதாவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினார். தையல்கடைக் கண்ணாடிக்கு உள்ளே அவள் குனிந்து எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் கைதட்டி அனுப்பிய பிறகு எந்த முகத்தோடு உள்ளே போவது? திரும்பிவிட்டார். அதற்கப்புறம் மீன் கடைப் பக்கம் போகவில்லை. அவர் சந்தில் மற்ற வீடுகள் இரண்டும் பூட்டியே கிடப்பவை. அது ஒரு வசதி. தெருப்பக்கத் திரைகளை இழுத்துவிட்டார். மண்வெட்டி இல்லாததால் குப்பை முறத்தால் வாசல் பனியை அள்ளினார். புது வருஷத்தன்று கோயில் மணியை வீட்டுக்குள்ளிருந்தே கேட்டார். மளிகை தேவைப்பட்டால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, பேருந்தில் நகரத்து எல்லையிலிருக்கும் பெரிய கடைக்குப் போய்வந்தார்.

ஜனவரிக் கடைசியில் அப்படித் திரும்பும்போது, மருத்துவமனை நிறுத்தத்தில் நரிதா ஏறினாள். நேரே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள்.

"அட, தோகுஜி அண்ணே! எப்போ வந்தீங்க?"

அவர் வாயைத் திறந்தார். உண்மை தொண்டைவரை வந்தது.

"நேத்துதான். வீடு எப்படி இருக்குன்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு."

"சைதாமா எப்படி? பொண்ணு நல்லா கவனிச்சுக்குதா?"

"கவனிச்சுக்குது. பசிக்க விடறதில்ல."

"கொடுத்து வெச்சவரு." மடியிலிருந்த பையை அவள் எட்டிப் பார்த்தாள். நீளமான வெங்காயத்தாள் இரண்டு, ஒற்றை டோஃபு. "வெங்காயத்தாளைப் போயி அங்க கொண்டுபோறீங்களா?"

"நம்ம ஊர் ருசி அங்க வராது."

"எப்போ திரும்பறீங்க?"

"இதோ, இப்பவே."

"அப்போ நான் ஸ்டேஷன் வரைக்கும் வரேன்."

"முட்டி வலியோட எதுக்கும்மா?"

"போறப்பதான் வழியனுப்ப வர முடியல. பேசாம இருங்க."

அவருடைய நிறுத்தம் வந்தது, போனது. நிலையத்தில் தோகுஜி சீட்டு வாங்கினார். இருப்பதிலேயே குறைந்த விலைச் சீட்டு. அவள் கண்ணில் படாமல் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டார். வாயிற்படியருகே நரிதா, பனி பெய்யாத ஊருக்குப் போகிறவரின் முழங்கால் வரை ஏறிய பனிக்காலணியைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். தன் கோட்டுப் பையிலிருந்து, குளிருக்கு எல்லோரும் வைத்துக்கொள்ளும் சிறிய சூட்டுப்பையை எடுத்து அவர் கையில் அழுத்தினாள்.

"வழில குளிரும்."

ரயில் நகர்ந்தது. கம்பித் தடுப்புக்கு அப்பால் அவள் கையசைத்துக்கொண்டே நின்றாள். அவரும் அசைத்தார்.

அடுத்த நிலையத்தில் இறங்கினார். அவர் ஒருவர்தான் இறங்கினார். பணியாளர் இல்லாத நிலையம். மரக்கொட்டகையும் ஒரு பெஞ்சும் மட்டும். ரயிலின் சத்தம் வயல்களுக்கு அப்பால் தேய்ந்து மறைந்தது. எதிர்த்திசை ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. தோகுஜி பெஞ்சிலிருந்த பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். சூட்டுப்பை இன்னும் சூடாக இருந்தது. அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே, எங்கும் ஒரே வெள்ளையாகக் கிடந்த தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.