ஸ்பீஸில் பிரியும் ரயில்

ஐரோப்பாவை ரயிலிலேயே சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது சுப்ரியாவின் ஆசை. அவள் புருஷன் பூபதியின் ஆசை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் சொந்தக்காரர்கள் மத்தியில் இப்போது பூபதி என்னவோ தொட்டிலில் கிடந்தபோதே ஆல்ப்ஸ் மலையைக் கனவு கண்டவன் மாதிரிப் பேச்சு நடக்கிறது. கல்யாணமான புதிதில் மைசூருக்கு ரயிலில் போகலாம் என்று அவள் கூப்பிட்டபோது, "பஸ்ல போனா சீக்கிரம் போயிடலாமே" என்றவன் அவன்.

சுப்ரியா ஓசூர் சிப்காட்டில் ஒரு கியர் கம்பெனியில் புரொடக்‌ஷன் பிளானிங் பார்க்கிறாள். எந்த மெஷினில் எந்த வேலை எப்போது ஏற வேண்டும் என்று திட்டம் போடுவதுதான் பிழைப்பு. அந்தக் கையோடுதான் இந்தப் பயணத்தையும் போட்டாள். பாரிஸில் இறங்குவது, ரயிலேறி சுவிட்சர்லாந்து, மலையைக் குடைந்து இத்தாலி, அங்கிருந்து வியன்னா. கேன்டீனில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே ரயில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, எந்த ஊர் தாண்டினால் எந்த ஜன்னலில் ஏரி தெரியும் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. பூபதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். இருவரும் கம்பெனியில் லீவு சொல்லி வைத்தாகிவிட்டது.

பொங்கலுக்கு சுரேந்தர் விருந்துக்கு வந்தான். பூபதியின் தங்கை ஸ்வாதியின் புருஷன், கிருஷ்ணகிரியில் கிரானைட் வியாபாரம். அந்த வீட்டில் மாப்பிள்ளை வாய்திறந்து ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கமே கிடையாது. சாப்பாட்டு நடுவில் பயணப் பேச்சு வந்தது. சுரேந்தர் வடையைக் கடித்துக்கொண்டே, "அட, நானும் வரேனே மச்சான்" என்றான். அவ்வளவுதான்.

மாமியார் நாகம்மாள் சுப்ரியாவைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டார். "மாப்ள வாய்விட்டுக் கேட்டுட்டாரு கண்ணு. முடியாதுன்னா ஸ்வாதிக்குத்தான அங்க பேச்சு விழும்?"

"வரட்டும் அத்தை. மூணு பேராப் போறோம்."

"புருஷன் பொண்டாட்டி நடுவுல அவரு எப்படிம்மா? சங்கடப்படுவாரில்ல? ஆம்பளைங்க ரெண்டு பேரும் போயிட்டு வரட்டும். நீ அடுத்த வருஷம் போயிக்கோ."

அடுத்த வருஷம் போயிக்கோ! ஐரோப்பா என்ன ராயக்கோட்டையா, இந்த பஸ் போனால் அடுத்த பஸ் பிடிக்க? சுப்ரியா கூடத்துக்கு வந்து பூபதியைப் பார்த்தாள். அவன் பாயசத்தைப் பார்த்தான். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தான்? மாப்பிள்ளை வண்டி கிளம்பிய பிறகு அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாதேஸ்வரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். எல்லாம் கேட்டுவிட்டு பூபதி சொன்னது, "என்னா பண்றது, அவரு கேட்டுட்டாரே" என்பதுதான். மே மாதம் அவள் போட்ட வழியில், அவள் பிடித்து வைத்த ஜன்னலோரத்தில், சுரேந்தர் போய் உட்கார்ந்தான்.

போன நாளிலிருந்து போன்மேல் போன். "சுப்ரியா, எந்த பிளாட்பாரம்?" "சுப்ரியா, டிக்கெட்டைக் காட்டணுமா, மெஷின்ல குத்தணுமா?" வெட்கம் வேண்டாம்? அவளும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஏன் சொல்கிறோம் என்று நினைத்தால் அதற்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தான் பார்த்துப் பார்த்துப் போட்ட பிளான் கண்ணெதிரே நாறிப்போவதைச் சகிக்க அவளால் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வாதி அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். சானமாவு பக்கம் யானை ரோட்டைத் தாண்டுகிறது என்று வண்டிகளை நிறுத்திவிட்டார்களாம், சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்து சேர்ந்தாள். மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சுவிட்சர்லாந்திலிருந்து பூபதியின் போன் வந்தது. நாகம்மாள் மகன் குரலைக் கேட்க வேண்டும் என்றதால் சுப்ரியா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சுப்ரியா! ரயிலு ரெண்டாப் பிரிஞ்சிடுச்சு!"

"ஸ்பீஸ் ஸ்டேஷன்ல பிரியும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. முன்பாதிதான் நீங்க போற பிரிக் ஊருக்குப் போவும், பின்பாதி வேற ஊருக்குப் போவும்னு. முன்னாடிதான உக்காந்தீங்க?"

"முன்னாடிதான் உக்காந்தோம். ஸ்பீஸுக்கு முன்னாடி தூன்ங்கற ஸ்டேஷன்ல ரயிலு நின்னுச்சு. பிளாட்பாரத்துல யாரோ தமிழ் பேசற சத்தம் கேட்டுச்சு. யாழ்ப்பாணத்துக் குடும்பம். மாப்ள இறங்கி அவங்களோட பேசிக்கிட்டே பின்னாடி ஏறிட்டாரு. என்னையும் வாங்கன்னாரு..."

"பெட்டி?"

பூபதி மாப்பிள்ளையிடம் என்னவோ கிசுகிசுப்பது கேட்டது.

"ஏங்க, பெட்டி எங்க?"

"முன்னாடிதான் இருக்குது. சீட்டுக் கால்ல செயின் போட்டுப் பூட்டிட்டுத்தான் இறங்கினோம். சாவி மாப்ளகிட்ட பத்திரமா இருக்குது."

சேலம் போகிற ரயிலில் பெர்த்துக்கு அடியில் பெட்டியைச் சங்கிலி போட்டுக் கட்டுகிற பழக்கத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோயிருக்கிறார்கள் இரண்டு மகான்களும். பூட்டு இருக்கிற தைரியத்தில்தான் பெட்டியை விட்டுவிட்டு ஊர்க்கதை பேசப் போனது.

"பாஸ்போர்ட்டு?" என்றாள் சுப்ரியா.

"பெட்டியிலதான். கையில வச்சா எவனாச்சும் அடிச்சிருவான்னு மாப்ளதான்..."

"ஐயோ, என் புள்ளைய போலீஸ்ல புடிச்சிருவாங்களா?" என்று நாகம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

சுப்ரியாவுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொன்னாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்குங்கள், எதிர்த்திசை ரயிலைப் பிடித்து ஸ்பீஸுக்குத் திரும்புங்கள், அந்தக் குடும்பத்தில் யாரையாவது கெஞ்சிக் கூட்டிப்போய் அந்த ஊர் பாஷையிலேயே ஸ்டேஷனில் சொல்லச் சொல்லுங்கள், ஸ்டேஷன்காரர்கள் பிரிக்குக்குத் தகவல் சொல்வார்கள். சொல்லி முடித்துப் போனை வைத்தாள்.

ஸ்வாதி டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏன் அண்ணி, இவ்ளோ தெரிஞ்சிருந்தும் நீங்க லீவு கிடைக்கலன்னு விட்டுட்டீங்களே."

"யாருக்கு லீவு கிடைக்கல?"

"உங்களுக்குத்தான். லீவு இல்லாததால நீங்களே எங்க வீட்டுக்காரரைப் போகச் சொன்னீங்கன்னு அவரு சொன்னாரே. நான்கூட அண்ணிக்கு எவ்ளோ பெரிய மனசுன்னு நினைச்சேன்."

சுப்ரியா மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். நாகம்மாள் சுவரைப் பார்த்தார்.

"அத்தை, இது உங்களுக்குத் தெரியுமா?"

"குடும்பத்துல நாலு வார்த்தை முன்னப்பின்ன சொல்றதுதான் கண்ணு. பூபதிதான் அப்படிச் சொல்லி வச்சான், மாப்ள மனசு நோகக்கூடாதுன்னு."

ஆக, மாப்பிள்ளை தட்டிப் பறிக்கவில்லை. சுரேந்தர் ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கிறான். புருஷனே அவள் இடத்தைத் தூக்கித் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு, அவளே மனசார ஒதுங்கிக்கொண்டதாகக் கதையும் கட்டியிருக்கிறான். இவ்வளவு நாள் அவள் சுரேந்தரைத் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டு போக வேண்டிய விலாசம் தன் படுக்கையறையிலேயே இருந்திருக்கிறது.

இருட்டுவதற்கு முன் பூபதி மறுபடி கூப்பிட்டான். பெட்டி கிடைத்துவிட்டது. சங்கிலியை வெட்டித்தான் எடுத்தார்களாம், உள்ளே குண்டு ஏதும் இருக்குமோ என்று போலீஸ்காரர்கள் தள்ளி நின்று ரொம்ப நேரம் கேள்வி கேட்டார்களாம். குரலில் நிம்மதி வழிந்தது. "அந்த யாழ்ப்பாணத்து அக்கா மட்டும் கூட வரலேன்னா தொலைஞ்சோம். நீ கூட வந்திருந்தா இந்தக் கூத்தே நடந்திருக்காது சுப்ரியா."

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"நான் கூட வந்திருந்தாவா? இன்னொரு தடவை சொல்லுங்க. எனக்கு லீவு கிடைக்கலன்னு ஊருக்குச் சொல்லிட்டு, என் எடத்துல இன்னொருத்தரை உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிட்டு, நான் வந்திருந்தாங்கறீங்களா? கூசல உங்களுக்கு? எத்தனை நாளா நான் ஆசை ஆசையா உங்ககிட்டச் சொன்னேன், உங்க மாப்ளகிட்டயா சொன்னேன்?"

"சுப்ரியா, மாப்ள பக்கத்துல இருக்காரு..."

"இருக்கட்டும், நல்லாக் கேக்கட்டும். இனிமே பிளாட்பாரம் தெரியலன்னு எனக்குப் போன் பண்ணாதீங்க. செப்டம்பர்ல நான் போறேன். அதே வழி, அதே ரயிலு. உங்களோட இல்ல, தனியா."

பூபதி என்னவோ சொல்ல வந்தான். அவள் போனை அணைத்து மேஜைமேல் போட்டாள். ஸ்வாதி அழுகிற மாதிரி இருந்தாள். நாகம்மாள்தான் முதலில் வாய்திறந்தார்.

"என்னா பேச்சு இது? தனியாவா? தெரியாத ஊர்ல, பாஷை தெரியாத ஊர்ல, ஆம்பளைத் துணை இல்லாம ஒரு பொம்பளை எப்படிம்மா போவா?"

"ரெண்டு ஆம்பளைங்க துணைக்குத் துணையாப் போன லட்சணத்தைத்தான் இப்ப கேட்டீங்களே அத்தை" என்றாள் சுப்ரியா.