மஹதி எழுதாத கட்டுரை

வளைகுடா நகரம் ஒன்றின் கராமா பகுதியில், ஒரு சைவ ஓட்டலுக்கு மேல் மாடியில் ஆலோசகர் ஸ்ரீகாந்தின் அலுவலகம். பிளஸ் டூ முடித்த கையோடு பட்டப்படிப்புக்கும் மருத்துவத்துக்கும் சேர்த்தே இடம் தரும் அமெரிக்காவின் எட்டு வருடப் படிப்புக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது அவர் தொழில். ஆயிரம் பேர் முட்டி மோதுகிற இடம் என்று அவரே பெருமையாகச் சொல்வார்.

மஹதிக்கு அதில் பாதி மனசுதான். டாக்டராக ஆசை உண்டு. பதினேழு வயதிலேயே எட்டு வருடத்தை எழுதிக் கொடுத்துவிடலாமா என்பதில்தான் குழப்பம். விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு கட்டுரையும் அனுப்ப வேண்டும்; அதற்கு நாளை கடைசி நாள். அப்பா ஸ்ரீனிவாசனுக்குக் குழப்பமே கிடையாது. அந்தப் பழக்கமே அவருக்கு இல்லை. அம்மா தாமரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வழக்கம்போலப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உன் எஸ்ஸேல உயிரே இல்லம்மா. அப்பாகிட்டப் பேசி நானே மாத்தி எழுதிட்டேன், பாரு," என்று ஸ்ரீகாந்த் லேப்டாப்பை மஹதி பக்கம் திருப்பினார்.

"இங்க எதுக்கு சார், வீட்ல போய்..." என்று அப்பா இழுத்தார். அதற்குள் மஹதி படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில் என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போன ஒவ்வொரு நாளும் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "என்ன சார் இது? எங்கம்மாவுக்கு எதுக்கு இல்லாத வியாதியெல்லாம்..." என்றபடி அம்மாவைப் பார்த்தாள். தாமரை தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பரீட்சை சமயத்தில் அம்மா இரண்டரை மாதம் மதுரையில் இருந்தாள். மாமா வீட்டுப் பத்திர விவகாரம் என்றார்கள். இளைத்துத் திரும்பியபோது வெயில் என்றார்கள். மகளும் நம்பினாள். தொண்ணூற்றேழு சதவீதம் வாங்கி, கேக் வெட்டி, அம்மாவின் வாயில் ஊட்டியும் விட்டாள்.

"ஏம்ப்பா, பெத்த பொண்ணுகிட்டச் சொல்லாததை இவர்கிட்டச் சொன்னீங்களா?"

"உனக்கு எக்ஸாம் இருந்துச்சுடா. முடியட்டும்னு இருந்தோம். அப்புறம் பதினொண்ணாவது, அப்புறம் சாட் எக்ஸாம்..."

"எக்ஸாம்னா மறைக்கணும், அட்மிஷன்னா எடுத்து விக்கணும். அப்படித்தானே?"

ஸ்ரீகாந்த் சமாதானத்துக்கு வந்தார். "எமோஷனல் ஆகாதம்மா. இந்த மாதிரி ஸ்டோரி எல்லாருக்கும் அமையாது."

அமையாதாம்! அம்மா உடம்பில் கத்தி பட்டது இந்த மனிதருக்கு அதிர்ஷ்டமாகத் தெரிகிறது. மஹதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று அம்மா பக்கம் திரும்பினாள்.

"இப்ப எப்படிம்மா இருக்கு? உண்மையைச் சொல்லு."

"நல்லாத்தான்டி இருக்கேன். வருஷா வருஷம் செக்கப் போறேன். இந்த வியாழக்கிழமைகூட ஸ்கேன் இருக்கு."

"ஏன் சொல்லல?"

தாமரை கணவரைப் பார்த்தாள். "அன்னிக்கு உனக்கு பிசிக்ஸ் மாடல் எக்ஸாம்."

முடிந்துபோன பழைய கதை என்று நினைத்தால், இந்த வாரமும் அதையேதான் செய்கிறார்கள். அடுத்த அறையில் இருக்கும்போதே இந்தக் கதி. எட்டு வருடம் கடல் தாண்டிப் போனால்? அங்கே பரீட்சை இல்லாத மாதம் ஏது? இவர்களுக்கு எது நடந்தாலும் பட்டம் வாங்கிய பிறகுதான் சேதி வரும்.

லேப்டாப்பை மூடினாள். "நான் அப்ளை பண்ணல."

"கோபத்துல முடிவெடுக்காத, மஹதி."

"கோபத்துலதாம்ப்பா எடுக்கறேன். இங்கயே ஒரு காலேஜ்ல சேர்ந்துக்கறேன். இனிமே தினமும் என் மூஞ்சியப் பார்த்துப் பொய் சொல்லுங்க. கொஞ்சமாவது கஷ்டமா இருக்கட்டும்."

தாமரை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"வியாழக்கிழமை பத்தரை மணிக்கு," என்றாள் மகளிடம்.