முதலாளியின் அக்காளும் புது விமானியும்

“பெரிய கம்பெனியை விட்டுட்டு, ரெண்டே விமானம் வெச்சிருக்கிற நம்மகிட்ட ஏண்டா வர்றான்? அங்கே ஏதோ கோல்மால் பண்ணிட்டு வந்திருக்கான்!”

வாடகை விமான முதலாளியின் அக்காள் போட்ட சத்தம், பக்கத்துக் கடையில் இருந்த என் காதையே கிழித்தது.

“விசாரிச்சாச்சுக்கா. மாசம் பூரா ஓட்டல்ல படுத்து அலுத்துப்போச்சாம்.”

“நீயும் நம்பிட்டே!”

அக்காளின் சந்தேகம் எப்போது பிறந்தது என்று எனக்குத் தெரியும். அன்று காலை, சோதனையாக ஒரு சுற்றுப் பறந்து காட்டுமுன் புது விமானி கூட ஏறவிருந்த எல்லோரிடமும் எடை கேட்டார். அக்காள் கூசாமல் அறுபது என்றாள். அவர் பெட்டி நிறுக்கும் மெஷினைக் காட்டினார். எண்பத்திரண்டு! எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

“சின்ன விமானத்துக்கு இருபது கிலோ பொய் ரொம்பப் பெரிசுக்கா. முதலாளியோட அக்கான்னும் பாக்காம ஏத்தி நிறுத்தினான் பாரு, அப்படிப்பட்ட ஆளைத்தான் நான் தேடிட்டிருந்தேன்.”

வேலை அன்றே உறுதியானது. கொஞ்ச நாளில் அக்காள் ஒரு கப்பல்காரரைக் கட்டிக்கொண்டு துறைமுகப் பக்கம் போய்விட்டாள், அந்த எடைக் கோபத்தில் தம்பியோடு பேச்சில்லை. விமானி, முதலாளியிடம் வேலை பார்க்கும் மெக்கானிக்கின் தங்கையைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கே குடிவந்துவிட்டார். பெரிய கம்பெனியை விட்டதே இவளுக்காகத்தானோ என்று எனக்கு இன்னும் ஒரு சந்தேகம்.