அழிய மறுத்த விடைக்குறிப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் உஷாராணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலைநகரின் மயூர் விஹாரில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் அவள். ஆண்டுத் தேர்வு வினாத்தாளை வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் தட்டச்சு செய்தாள். பென் டிரைவில் ஏற்றிக்கொண்டதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். மகள் வைஷ்ணவி படிப்பதும் அதே பள்ளியில் அதே ஒன்பதாம் வகுப்பு.

லடாக்கில் ராணுவப் பணியிலிருக்கும் அப்பா விடுமுறையில் வந்தபோது எடுத்த படங்கள் எப்படியோ அழிந்துபோக, வைஷ்ணவி தோழியிடம் ஒரு சிடி வாங்கிவந்து, அழிந்த ஃபைல்களை மீட்கும் சாஃப்ட்வேரைப் போட்டிருந்தாள். படங்கள் கிடைத்துவிட்டன. இன்று அவள் ட்யூஷனுக்குப் போனதும் உஷாராணி அதைத் திறந்து பார்த்தாள். பட்டியலில் அவளுடைய வினாத்தாளும் விடைக்குறிப்பும் அப்படியே இருந்தன.

நிரந்தரமாக அழிக்கவும் அதிலேயே வழி இருந்தது. அழுத்தினாள். வினாத்தாள் போனது. விடைக்குறிப்புக்கு நேராக மட்டும் ‘அழிக்க முடியவில்லை’ என்று வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அதே பதில்தான்.

மாடி வீட்டு வெங்கி நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். அவனுக்குப் போன் செய்தாள்.

“பெருசெல்லாம் போயிருச்சுப்பா. தம்மாத்துண்டு நோட்பேட் ஃபைல், அது அசைய மாட்டேங்குது.”

“சின்னதா இருக்கறதுதான் பிரச்சனை ஆண்ட்டி. ஃபைல் பேரையெல்லாம் எழுதிவைக்க டிஸ்க்ல ஒரு டேபிள் இருக்கும். ரொம்பக் குட்டி ஃபைல்னா தனியா இடம் கொடுக்காம அதுக்குள்ளேயே வெச்சுடும். அதுல இந்த சாஃப்ட்வேர் கை வைக்காது. புதுசா நிறைய குட்டி ஃபைல் போடுங்க, அது மேல விழுந்தா போயிடும். இல்லேன்னா மொத்த டிஸ்க்கையும் அழிச்சு ஃபார்மட்தான்.”

உஷாராணி வெற்று ஃபைல்களை நகலெடுத்துக் குவித்தாள். ஒவ்வொரு முறையும் பட்டியலைப் பார்த்தாள். விடைக்குறிப்பு இருந்தது. வாசல் கதவு திறந்தது கூட அவள் காதில் விழவில்லை.

“மம்மி, அந்த ஃபைலா? நேத்தே பார்த்தேன். ஓப்பன் பண்ணல. சச்சி, நெஜமாத்தான்.”

வைஷ்ணவி பின்னால் நின்றிருந்தாள். பொய் சொல்லிப் பழகாத பெண். ஆனாலும் உஷாராணியின் மனம் அடங்கவில்லை. எழுந்துபோய்த் தலைமையாசிரியர் கஸ்தூரிரங்கனை அழைத்தாள்.

“சார், என் பேப்பர் வேண்டாம் சார். வீட்டுல பொண்ணு கண்ணுல பட்டிருக்கலாம்.”

“சரிம்மா, நானே வேற போட்டுக்கறேன்” என்றார் அவர்.

வைஷ்ணவியின் முகம் சிவந்துவிட்டது. “என்மேல பரோசா இல்லையா?”

“நம்புறேன்டி. ஆனா உன் மார்க்கை யாரும் சந்தேகமாப் பார்க்கக் கூடாதுல்ல. நானும்தான்.”

சொன்ன பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை அவளுக்கே உறைத்தது. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் ஃபைல்களை நகலெடுத்துப் போட்டதும் விடைக்குறிப்பு பட்டியலிலிருந்து மறைந்தது. உஷாராணிக்கு நிம்மதி வரவில்லை.

தேர்வு முடிந்தது. தலைமையாசிரியர் போட்ட அறிவியல் தாளில் எண்பத்தொன்பது. வைஷ்ணவி மதிப்பெண் அட்டையை அடுப்பு மேடையில் வைத்தாள்.

“இப்போ?”

“தப்பா நெனச்சுட்டேன் கண்ணு.”

வைஷ்ணவி இந்த முறை அறைக்குள் போகாமல், மேடையில் சாய்ந்தபடி அங்கேயே நின்றாள்.