ஆடி மாதத்து அத்தியாவசியங்கள்

தொண்ணூற்றொன்றில் ஆடி பிறந்ததும், சேரப்பணஞ்சேரி ரகுபதியின் புதுப் பெண்டாட்டி லீலாவை அவள் அம்மா பிள்ளைப்பாக்கத்துக்கு அழைத்துப் போய்விட்டாள். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்குமாம். இந்தச் சட்டம் போட்ட மகராசன் கல்யாணமே ஆகாதவனாகத்தான் இருக்க வேண்டும்.

போவதற்கு முதல் நாள் ரகுபதி அவளிடம் ஒரு சந்தேகம் கேட்டிருந்தான். கம்பெனி கேட்டில் புது போர்டு: 'நெசசிட்டி'யை மட்டும்தான் உள்ளே கொண்டுவரலாமாம். அவன் எட்டாவது, அவள் பன்னிரண்டாவது.

"எது இல்லன்னா காலம் தள்ள முடியாதோ அது நெசசிட்டி. சோறு, தண்ணி, துணி. பவுடருக்கெல்லாம் அந்த வார்த்தையப் போடக்கூடாதுங்க, அது ஆசை," என்றாள் லீலா.

நாலே நாளில் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும், ஆனால் சும்மா போனால் ஊர் சிரிக்கும். ஷிப்டு முடிந்ததும் அவள் விட்டுப்போன சீப்பைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சைக்கிளை மிதித்தான்.

வாசலிலேயே மாமியார் கோவிந்தம்மா.

"இன்னா மாப்ளே?"

"சீப்ப விட்டுட்டு வந்துட்டா அத்தே. நெசசிட்டி."

சீப்பை வாங்கிக்கொண்டு, மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள். லீலாவின் புடவைத் தலைப்புகூடக் கண்ணில் படவில்லை.

அடுத்து துண்டு. அப்புறம் சோப்பு டப்பா. பவுடர் டப்பாவோடு போன அன்று உள்ளேயிருந்து, "அது நெசசிட்டி இல்லம்மா, திருப்பிக் குடு," என்று குரல் வந்தது, கூடவே களுக்கென்று சிரிப்பு. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே மூன்று நாள் ஷிப்டு ஓட்டினான்.

பிறகு அந்தப் பவுடரைத் தவிர அவள் பொருளென்று வீட்டில் எதுவும் மிச்சமில்லை. ஆடி இருபதாம் தேதி வெறுங்கையோடு போய் நின்றான்.

"இன்னிக்கு இன்னா மறந்து போச்சி?" என்றாள் கோவிந்தம்மா.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணுமில்ல அத்தே. அவளப் பாக்காம என்னால முடியல."

கோவிந்தம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இதைச் சொல்ல இவனுக்கு இருபது நாளா?

"லீலா, எலையப் போடு," என்று உள்ளே குரல் கொடுத்தாள். "சாப்டுட்டுப் பொழுதோட கெளம்பிடணும் மாப்ளே. இன்னிக்கு மட்டுந்தான்."

லீலா சோற்றைப் போட்டாள். அம்மா குழம்பெடுக்கப் போன நேரத்தில், இலைக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பையை வைத்தாள். சீப்பு, துண்டு, சோப்பு டப்பா, எல்லாம் அதில் இருந்தன.

"எடுத்துட்டுப் போங்க," என்றாள் மெதுவாக. "மறுபடி ஒண்ணொண்ணாக் கொண்டாங்க. பவுடரும் நெசசிட்டிதான்."